உள்ளே வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே அடிச்சா? - பீட்டர் மெடவாரின் கதை

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் செய்யும்போது இப்படி ஒரு போஸ்ட் உங்க கண்ணில் பட்டிருக்கும். மொட்டைத்தலையோடு சிரிக்கும் ஒரு குழந்தையின் போட்டோ. ரத்தப் புற்றுநோய், ஸ்டெம் செல் டோனர் தேவை, ஹெச்.எல்.ஏ மேட்ச் ஆகணும் என்று கீழே எழுதியிருக்கும். ஒரு ஹார்ட் போட்டு, ஷேரும் பண்ணிட்டு அடுத்த ரீலுக்குப் போயிருப்பீங்க. தப்பில்லை. ஆனா, ரத்தம்னா குரூப் பார்த்து முன்பின் தெரியாதவர்கிட்டகூட வாங்கி ஏத்திடுறாங்களே, ஸ்டெம் செல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலைச்சல்? சொந்த அண்ணன், தங்கச்சியோட செல்லே பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான் இருக்காம். அது ஏன்?

இன்னொரு விஷயம் அந்த போஸ்ட்டில் இருக்காது. டோனர் கிடைச்சு, செல்களை ஏத்தி முடிச்ச பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையான பயமே ஆரம்பிக்கும். குழந்தையோட உள்ளங்கை சிவக்குதா, வயித்தால போகுதா, கண்ணு மஞ்சளாகுதா என்று தினமும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. காப்பாத்த வந்த செல்களே குழந்தையோட தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கலாம். இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கிற பெயர் ஜி.வி.ஹெச்.டி. ஒட்டவைத்தது, ஏற்றுக்கொண்டவரையே எதிர்க்கும் நோய் என்று புரிஞ்சுக்கலாம்.

இந்த விவகாரத்தின் வேரைத் தேடிப்போனா, ஒரு மனுஷர்கிட்ட போய் நிற்போம். ஆறடி ஐந்து அங்குல உயரம். ஓபரா என்றால் உயிர், கிரிக்கெட் என்றாலும் உயிர். பெயர் பீட்டர் மெடவார்.

பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த விமானம்

மெடவார் பிறந்தது 1915 பிப்ரவரி 28, பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோபொலிஸ் என்ற மலையூரில். அப்பா லெபனானைச் சேர்ந்தவர். பல் மருத்துவச் சாமான்கள் விற்கும் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட். அம்மா ஆங்கிலேயர். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. போர்டிங் ஸ்கூல் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தக் கோபம் வயதான பிறகும் தீரவில்லை.

1932-ல் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் படிக்கச் சேர்ந்தார். அங்கேதான் ஜீன் வருகிறார். தத்துவத்தில் ஒரு வாயில் நுழையாத வார்த்தைக்கு அர்த்தம் கேட்கப் போனார் ஜீன். மெடவார் சொன்னது புரியவில்லை. மறுபடி கேட்டார். கடைசியில் அது தத்துவ டியூஷனாகி, டியூஷன் காதலாகி, 1937-ல் கல்யாணத்தில் முடிந்தது. பையனுக்குக் குடும்பப் பின்னணியும் இல்லை, காசும் இல்லை என்று ஜீன் வீட்டில் கடும் எதிர்ப்பு. சொத்தில் பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீன் கவலைப்படவில்லை. மெடவாரும் தன் பங்குக்கு ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்: என் அன்பில் உனக்குத்தான் முதல் உரிமை, என் நேரத்தில் அந்த உரிமை கிடையாது என்ற அர்த்தத்தில். இன்னைக்கு யாராவது இப்படிச் சொன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டுடுவீங்க. ஜீன் சரி என்றார். இந்தக் கண்டிஷனை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

1940. இரண்டாம் உலகப்போர். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வெயில் நாள். மெடவாரும் ஜீனும் மகளோடு தோட்டத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்துவந்து, கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த இளம் வீரர் ஒருவருக்கு உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம். அதற்கு முன்பு அப்படிப்பட்ட காயத்தோடு வந்தவர்கள் அதிகம் பிழைத்ததில்லை. தொற்றைத் தடுக்கும் மருந்துகள் வரத்தொடங்கிய காலம் என்பதால், உயிரோடு இருந்தார். இருந்தாலும் மூடுவதற்குத் தோல் இல்லை. டாக்டர்கள் மெடவாரிடம் வந்து, திசுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராயிற்றே, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மெடவார் பார்த்துக்கொண்டிருந்தது ஆய்வுக்கூட வேலை. நிஜமான வலியில் ஒரு நிஜமான மனிதரை அன்றுதான் அவ்வளவு அருகில் பார்த்தார். பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவரின் தோலை எடுத்து ஒட்டினால் என்ன? செய்யலாம். ஒட்டும். சில நாளில் கருகி உதிர்ந்துவிடும். ஏன் உதிர்கிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த 'ஏன்'தான் அடுத்த 47 வருஷத்துக்கு அவர் வாழ்க்கை.

உடம்புக்கும் ஞாபகம் உண்டு

போர்க்காயங்களுக்கான அரசு நிதியோடு மெடவார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனார். அங்கே தீக்காய வார்டில் டாம் கிப்சன் என்ற சர்ஜன். இருவரும் சேர்ந்து, மோசமாக வெந்துபோன ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவருடைய சொந்தத் தோலின் சின்னச் சின்னத் துண்டுகளை ஓர் இடத்தில் வைத்தார்கள். அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளை இன்னோர் இடத்தில். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரரின் தோல் சில நாள் நன்றாக இருந்துவிட்டு அழிந்தது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

மெடவார் அடுத்த படி ஒன்று வைத்தார். அதே சகோதரரின் தோலை இரண்டாவது முறையும் ஒட்டிப்பார்த்தார்கள். இந்த முறை உடம்பு பொறுமை காட்டவே இல்லை. முதல் தடவையைவிட வேகமாக அடித்து விரட்டியது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீங்களா? ஒரு தடவை அம்மை வந்தா மறுபடி வராதுன்னு பாட்டி சொல்வாங்கல்ல, அதே தத்துவம். உடம்பு முதல் சந்திப்பிலேயே எதிரியின் முகத்தை மனசில் வைத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒட்டிய தோல் உதிர்வதற்கு சர்ஜனின் கைத்திறமை காரணம் இல்லை. கிருமியைத் தாக்கும் அதே எதிர்ப்பு சக்தி, கூடப்பிறந்தவரின் தோலையும் எதிரியாகப் பார்க்கிறது. 1943-ல் கிப்சனும் அவரும் இதை வெளியிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி, முயல்களில் நூற்றுக்கணக்கான தோல் ஒட்டுகள் செய்து உறுதிப்படுத்தினார் மெடவார்.

சரி, எதிர்ப்பு இருக்கிறது. அதை அணைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா? அந்தப் பதிலுக்கு அவர் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போகவேண்டியிருந்தது.

கன்றுக்குட்டிகள் கொடுத்த அதிர்ச்சி

1948, ஸ்டாக்ஹோமில் மரபியல் மாநாடு. கையில் கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தபோது, கால்நடை ஆராய்ச்சியாளர் ஒருவர் மெடவாரிடம் தன் கஷ்டத்தைச் சொன்னார். இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கருவிலிருந்து பிரிந்தது, எது தனித்தனிக் கரு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மெடவார், அதெல்லாம் சுலபம், ஒன்றின் தோலை இன்னொன்றில் ஒட்டிப்பாருங்கள், ஏற்றுக்கொண்டால் ஒரே கரு, உதிர்ந்தால் வேறு கரு என்று கெத்தாகச் சொல்லிவிட்டார். பார்ட்டியில் வாயை விட்டால் என்ன ஆகும்? அவரே வந்து செய்துகாட்ட வேண்டியதாகிவிட்டது.

அப்போது பர்மிங்ஹாமில் பேராசிரியராக இருந்தார். தன் மாணவர் ரூபர்ட் பில்லிங்ஹாமைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய், சேற்றில் நின்று கன்றுகளுக்குத் தோல் ஒட்டினார்கள். ரிசல்ட் அவர் கணிப்பைத் தூக்கிப்போட்டு மிதித்தது. ஏறக்குறைய எல்லா இரட்டையர்களும் ஒன்றின் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டன. ஒன்று காளைக்கன்று, இன்னொன்று கிடாரிக்கன்று என்று பார்த்தவுடனே வேறு கரு என்று தெரிகிற ஜோடிகள்கூட!

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் 1945-லேயே இதற்கான விடையை வைத்திருந்தார். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்றுகள் வளரும்போது, அவற்றின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இதன் ரத்த அணுக்கள் அதற்கும், அதன் அணுக்கள் இதற்கும் போய்வருகின்றன. பிறந்து வளர்ந்த பிறகும் இரண்டு வகை அணுக்களும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெக்ஃபர்லேன் பர்னெட் இதை வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்: எது நான், எது நீ என்ற பாடத்தை உடம்பு பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. கருவில் இருக்கும்போது கற்றுக்கொள்கிறது.

அப்படின்னா அந்த வகுப்பு நடக்கும்போதே உள்ளே நுழைந்து, பாடத்தை மாத்தி எழுதிட்டா?

1951-ல் மெடவார் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மாறினார். பில்லிங்ஹாமோடு இன்னொரு இளைஞரும் டீமில் இருந்தார், லெஸ்லி பிரென்ட். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938-ல் யூதக் குழந்தைகளைக் காப்பாற்றி பிரிட்டனுக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில் தனியாக வந்த சிறுவன். அவருடைய அப்பா, அம்மா, அக்கா மூவரையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அந்நியர் என்று முத்திரை குத்தப்பட்ட அந்தப் பையன், அந்நிய செல்லை ஓர் உடம்பு எப்படி ஏற்கும் என்ற ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மூவரும் கர்ப்பமாக இருந்த ஒரு பழுப்பு நிற எலியின் வயிற்றுக்குள், குட்டிகளுக்கு ஊசி வழியாக வேறு இனத்து வெள்ளை எலியின் செல்களைச் செலுத்தினார்கள். ஐந்து குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன. எட்டு வாரம் கழித்து, அந்த வெள்ளை இனத்தின் தோலை அவற்றில் ஒட்டினார்கள். இரண்டில் தோல் அழிந்தது. மூன்றில் ஒட்டிக்கொண்டு, முடியும் முளைத்தது. பழுப்பு எலியின் உடம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு!

1953 அக்டோபரில் இது வெளியானது. எதிர்ப்பு சக்திக்குச் சகிப்புத்தன்மையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு முதல் சோதனைச் சான்று. இன்னொரு விஷயமும் செய்தார்கள். அந்த வெள்ளைத் திட்டு வைத்திருந்த எலிக்கு, ஏற்கெனவே வெள்ளைத் தோலை எதிர்த்துப் பழகிய எலிகளின் நிணநீர் முடிச்சுகளைக் கொடுத்தார்கள். திட்டு அழிந்துபோனது. அப்படியானால் சண்டைக்காரர்கள் அந்த முடிச்சுகளில் இருக்கும் செல்கள்தான். இந்தச் சின்ன சோதனைதான் நம்ம கதைக்கு ரொம்ப முக்கியம்.

நோஞ்சான் எலிகள்

உற்சாகம் தாங்கவில்லை. பல விதங்களில் முயன்றார்கள். பில்லிங்ஹாமும் பிரென்ட்டும் பிறந்த குட்டிகளுக்கு, வளர்ந்த எலியின் மண்ணீரல் செல்களைச் செலுத்தினார்கள். எதிர்பார்த்தது சகிப்புத்தன்மை. கிடைத்தது வேறு. பல குட்டிகள் வளரவே இல்லை. முடி சிலிர்த்து, தோல் கெட்டு, வயிற்றுப்போக்கு வந்து, வற்றிப்போய்ச் செத்தன. நோஞ்சான் நோய் என்று பெயர் வைத்தார்கள். அதே 1957-ல் டென்மார்க்கின் மார்ட்டென் சிமோன்சென், கோழிக்குஞ்சுகளில் தனியாக இதையே கண்டுபிடித்தார்.

என்ன நடந்தது? அதுவரை எல்லோரும் கதையை ஒரு பக்கத்திலிருந்தே பார்த்துவந்தார்கள்: வீட்டுக்காரர், வந்தவரை விரட்டுவார். ஆனால் மண்ணீரலில் சண்டைக்கார செல்கள் நிறைய. பச்சைக்குட்டிக்கோ எதிர்க்கத் தெம்பில்லை. உள்ளே போன செல்களுக்குச் சுற்றியிருந்த எல்லாமே அந்நியமாகத் தெரிந்தது. விருந்தாளி வீட்டுக்காரரை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இது நடப்பதற்கு மூன்று விஷயம் வேண்டும் என்று பில்லிங்ஹாம் 1966-ல் வகுத்தார். வருகிற கூட்டத்தில் சண்டை போடத் தெரிந்த செல் இருக்கணும். அவர்கள் கண்ணுக்கு வீடு அந்நியமாகத் தெரியணும். வீட்டுக்காரருக்கு அவர்களை விரட்டத் தெம்பு இருக்கக்கூடாது. இப்போ ஒரு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைக் கற்பனை பண்ணிப்பாருங்க. புற்றுநோயை அழிக்கக் கடுமையான கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்து, நோயாளியோட சொந்த எலும்பு மஜ்ஜையைக் காலி பண்ணுவாங்க. வேற ஒருத்தரோட செல்களை டிரிப் வழியா ஏத்துவாங்க. அந்தப் பையில் ஸ்டெம் செல்களோடு, டோனரின் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களும் கோடிக்கணக்கில் இருக்கும். மூன்றுமே ரெடி!

1950-களின் கடைசியில் மனிதர்களில் முயன்றவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் டோனல் தாமஸ், பாரிஸில் ஜார்ஜ் மாத்தே. ஆரம்பகால நோயாளிகளில் பெரும்பாலானோர் இறந்தார்கள். சிலருக்குச் செல்கள் பிடிக்கவில்லை. பிடித்தவர்களுக்கு எலிகளில் பார்த்த அதே தோல், அதே வயிற்றுப்போக்கு. கூடவே மஞ்சள் காமாலை. பலர் இந்த வேலையே வேண்டாம் என்று விலகிப் போனார்கள். தாமஸ் விலகவில்லை. நாய்களில் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, திசுப் பொருத்தம் பார்க்கும் முறை வந்த பிறகு, 1969 வாக்கில் மறுபடி நோயாளிகளிடம் வந்தார். நீங்க போஸ்ட்டில் பார்க்கிற ஹெச்.எல்.ஏ மேட்ச் அந்தப் பொருத்தம்தான். அதில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் ஒரே செட்டாக வருவதால்தான், கூடப்பிறந்தவருக்கு நாலில் ஒரு வாய்ப்பு.

இங்கே ஒரு சிக்கல். சண்டை போடும் டி செல்களை வடிகட்டி எடுத்துவிட்டு, ஸ்டெம் செல்லை மட்டும் கொடுத்தால் என்ன? 1980-களில் செய்துபார்த்தார்கள். ஜி.வி.ஹெச்.டி குறைந்தது. ஆனால் பலருக்குப் புற்றுநோய் திரும்பிவந்தது. சிலருக்குப் புதிய செல்கள் வேர்பிடிக்கவே இல்லை. தோலைத் தாக்கும் அதே ரவுடி செல்கள்தான், ஒளிந்திருக்கும் லுகேமியா செல்களையும் தேடிப்பிடித்து அழித்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் எலிகளை ஆராய்ந்தவர்கள் 1956-லேயே இதை ஊகித்திருந்தார்கள். ஆக, அந்த செல் இல்லாமலும் முடியாது, அதை அவிழ்த்துவிடவும் முடியாது.

அவர் கவனிக்காமல் விட்ட உறுப்பு

இதற்குள் மெடவார் உச்சத்துக்குப் போய்விட்டார். 1960-ல் பர்னெட்டோடு நோபல் பரிசு. அதில் பில்லிங்ஹாம், பிரென்ட் பெயர்கள் இல்லை. மெடவார் தன் பங்குப் பணத்தை இருவரோடும் பகிர்ந்துகொண்டார். 1962-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநர். 1965-ல் சர் பட்டம்.

ஹீரோ என்பதற்காக அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடுமா? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதனுள் வெள்ளை அணுக்கள் நிறைந்திருப்பது பரிணாமத்தில் ஏற்பட்ட தற்செயல், பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்று 1960-களின் தொடக்கத்தில் மெடவார் கருத்துச் சொல்லியிருந்தார். அதே லண்டனில், 1961-ல் ஜாக் மில்லர் என்ற இளைஞர், பிறந்த எலிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்த எலிகள் அந்நியத் தோலை ஏற்றுக்கொண்டன! டி செல்களின் பள்ளிக்கூடமே தைமஸ்தான். டி என்ற எழுத்தே அதிலிருந்து வந்தது. மெடவார் தேடிக்கொண்டிருந்த வகுப்பறை, அவர் கண்டுகொள்ளாத உறுப்பில் இருந்தது.

அதே தைமஸில்தான் அடுத்த திருப்பமும். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, பிறந்து மூன்றாவது நாள் எலிகளின் தைமஸை எடுத்தால், அவை தங்கள் உடம்பையே தாக்க ஆரம்பிப்பதைப் பின்தொடர்ந்து போனார். நல்ல எலியின் ஒரு வகை டி செல்களைக் கொடுத்தால் அந்தத் தாக்குதல் நின்றது. 1995-ல் அந்த செல்களை அடையாளம் காட்டினார். அதாவது டி செல் கூட்டத்திலேயே ஒரு பகுதி, மற்ற டி செல்களின் தோளில் கைவைத்து, போதும்ப்பா என்று இழுத்துப் பிடிக்கிற ஆட்கள். கட்டுப்படுத்தும் டி செல், சுருக்கமாக ட்ரெக். அவற்றை உருவாக்கும் ஜீன் ஃபாக்ஸ்பி3. அதைக் கண்டுபிடித்த மேரி ப்ருங்கோவுக்கும் ஃப்ரெட் ராம்ஸ்டெலுக்கும், சகாகுச்சிக்கும் சேர்த்து 2025-ல் நோபல் கொடுத்தார்கள். அந்த நியூஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும்.

இது மாற்று சிகிச்சையில் எப்படி வேலைக்கு வருகிறது? இப்போது பல இடங்களில் பாதி மட்டுமே பொருந்தும் அப்பா, அம்மாவிடமிருந்தே செல் எடுத்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய மூன்றாவது, நான்காவது நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய கீமோ மருந்தைக் கொடுக்கிறார்கள். ஏன் அந்த நாள்? வீட்டை அந்நியமாகப் பார்த்துக் கொதித்த டி செல்கள் அப்போதுதான் மடமடவெனப் பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் செல்லைத்தான் அந்த மருந்து குறிவைக்கும். ட்ரெக் செல்களிடமும் ஸ்டெம் செல்களிடமும் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்ஸைம் அதிகம். அவை தப்பித்துக்கொள்கின்றன. இத்தாலியின் பெருஜியாவில் ட்ரெக் செல்களைத் தனியாகப் பிரித்து முன்கூட்டியே ஏற்றி, பிறகு சாதாரண டி செல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சமாதானக் குழு, அப்புறம் சண்டைக்காரர்கள். 2011-ல் வெளியான அந்த முயற்சியிலிருந்து, ட்ரெக் செல்லையே மருந்தாக்கும் வேலை பல நாடுகளில் நடக்கிறது. எல்லாருக்கும் இது வேலை செய்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன். ஜி.வி.ஹெச்.டி இன்னமும் உயிரை எடுக்கிறது.

பேனாவால் வரைந்த எலி

மெடவாரின் வாழ்க்கையில் எனக்கு மனசில் தங்கிய ஒரு சம்பவம் இருக்கிறது. அதில் அவர் ஜெயிக்கவில்லை.

1973. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்துக்கு அவர் ஆலோசகர். அங்கே ஓர் ஆராய்ச்சியாளர், தோலையும் கருவிழியையும் கொஞ்ச நாள் திரவத்தில் வளர்த்து எடுத்தால், யார் உடம்பில் ஒட்டினாலும் ஏற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையானால் மெடவார் 30 வருஷமாக மோதிய சுவரே இல்லை என்று ஆகிவிடும். மனிதக் கருவிழி பொருத்தியதாக ஒரு முயலை ஆலோசகர்கள் முன் கொண்டுவந்து காட்டினார்கள். முயலின் கண் தெளிவாக இருந்தது. ரொம்பவே தெளிவாக. அதில் ஆபரேஷன் நடந்த அறிகுறியே மெடவாருக்குத் தெரியவில்லை. இது ஏமாற்று என்று உள்ளுக்குள் தோன்றியது. உலகத்தில் அந்தத் துறையில் அவரைவிடப் பெரிய பெயர் அந்த அறையில் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம், வெள்ளை எலிகளின் முதுகில் அந்த ஆராய்ச்சியாளர் கறுப்பு மார்க்கர் பேனாவால் திட்டு வரைந்தது தெரியவந்தது. கூண்டைக் கவனித்த லேப் உதவியாளர் ஆல்கஹாலால் துடைத்தார், திட்டு அழிந்துவிட்டது. மெடவார் பிறகு இதைப் பற்றி எழுதியபோது மற்றவர்களைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். தனக்குத் தைரியம் வரவில்லை, கோழையாக இருந்துவிட்டேன் என்றும் சேர்த்தே எழுதினார். மீட்டிங்கில் தப்புன்னு தெரிஞ்சும் மியூட்டிலேயே உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே.

இந்தச் சம்பவம் நடந்தபோது அவர் ஒரு கை செயலிழந்தவர். அதைச் சொல்ல மறந்துட்டேன்.

1969 செப்டம்பர். பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக, எக்ஸிடர் நகரின் தேவாலயத்தில் வேதப் பகுதி ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். நடுவிலேயே நாக்கு குழறியது. மூளையில் ரத்தக்கசிவு. வயது 54. பிழைத்தார், ஆனால் இடது கை போனது, நடை தடுமாறியது, பார்வையிலும் ஒரு பக்கம் போனது. இயக்குநர் பதவியை விட்டார். வேலையை விடவில்லை. ஹாரோவில் நார்த்விக் பார்க் ஆய்வு மையத்தில் இடம்பிடித்து, புற்றுநோய்க்கும் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்.

இப்போ அந்தக் கல்யாணக் கண்டிஷனை ஞாபகப்படுத்திக்கங்க. நேரத்தில் உரிமை கேட்கக்கூடாது என்று ஒப்புக்கொண்ட ஜீன்தான், அடுத்த 18 வருஷம் அவருடைய நாளை ஓடவைத்தார். சட்டை பட்டன் போடுவதிலிருந்து வெளிநாட்டு மேடைகளில் ஏற்றிவிடுவது வரை. நாலு பிள்ளைகளை வளர்த்து, குடும்பக் கட்டுப்பாடு இயக்கத்தில் தனக்கென ஒரு வேலையும் வைத்திருந்தவர் ஜீன். இருவரும் சேர்ந்து புத்தகங்களும் எழுதினார்கள். இந்தத் தம்பதிக் கதையை இலட்சிய ஜோடி என்று எழுதிக் கைதட்ட எனக்கு முழு மனசில்லை. கணக்குப் பார்த்தா ஜீன் பக்கம்தான் செலவு அதிகம்.

இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரை சொல்லும் அவருடைய புத்தகம் 1979-ல் வந்தது. அதன்பிறகும் பக்கவாதம் விடவில்லை. 1986-ல் சுயசரிதை. தன்னைச் சிந்திக்கத் தெரிந்த முள்ளங்கி என்று கிண்டல் செய்துகொண்டே அதற்குப் பெயர் வைத்தார். 1987 அக்டோபர் 2, லண்டனில் இறந்தார். மூன்று வருஷம் கழித்து, 1990-ல் டோனல் தாமஸுக்கும், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை செய்த ஜோசப் முர்ரேவுக்கும் நோபல் கிடைத்தது.

அந்தச் சுயசரிதை வந்த 1986-ல்தான் நம்ம வேலூர் சி.எம்.சி-யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இன்றைக்கு சென்னை உட்படப் பல ஊர்களில் நடக்கிறது. அந்த வார்டுகளில் காலை ரவுண்ட்ஸ் போகும் டாக்டர், மெஷினைப் பார்ப்பதற்கு முன்னாடி இப்பவும் குழந்தைகிட்ட ரெண்டு கையையும் நீட்டச் சொல்வார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் பாதம், காதுமடல். எங்கேயும் சிவப்பு இல்லைன்னா, சார்ட்டில் அன்றைய நாள் எண்ணைப் போட்டுட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்.